லயத்துக் காம்பராவும் கட்டட அனுமதியும்

வீடு கட்ட விரும்பும் ஒருவர் முதலில் யாரிடம் செல்ல வேண்டும்? நாள் பார்ப்பவரிடமா, மேசனிடமா, கடன் கொடுப்பவரிடமா என்று ஊருக்கு ஊர் விடை வேறுபடலாம். ஆயின் இலங்கையின் நகரவாசிக்குச் சட்டம் 1915 ஆம் ஆண்டு முதல் ஒரே விடையைத்தான் கூறி வருகின்றது: உள்ளூராட்சி மன்றத்தின் தலைவரிடம் செல்க என்பதே அது. அவ்வாண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், மன்றத் தலைவர் எழுத்தில் அங்கீகரித்த வரைபடத்துக்கு அமையவன்றி எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்று விதித்தது. கட்டி முடித்தபின், கட்டடம் வரைபடத்தோடு பொருந்துகின்றது என்னும் இணக்கச் சான்றிதழைப் பெற்றே குடிபுக வேண்டும் என்றும் கூறியது. 1914 இல் கொழும்பு நகரிற் பிளேக் நோய் புகுந்தது. அடுத்த ஆண்டிலே இச்சட்டம் பிறந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்பு, நோய்க்கு நல்ல இருப்பிடம் என்பதை அன்றைய ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர்.

அறிந்திருந்த அதே ஆட்சியின் கீழேதான், மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில், காற்றும் வெளிச்சமும் அருகிய காம்பராக்கள் வரிசை வரிசையாக நின்றன. ஹட்டன் பட்டினத்தில் ஒரு கடைக்காரர் தமது கடையின் பின்புறத்தில் ஓர் அறை கூட்ட நினைத்தால், வரைபடம் வேண்டும், அங்கீகாரம் வேண்டும். பட்டின எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்து தோட்டத்துக்குள் நுழைந்தாலோ, அங்கே சட்டத்தின் குரல் கேட்பதில்லை. அங்கே கேட்டது துரையின் குரல். இந்த எல்லைக் கோட்டின் வரலாறே மலையக மக்களின் வீட்டு வரலாறு என்று சொல்லலாம்.

கோடு எப்படி விழுந்தது என்பதைச் சற்றுப் பின்சென்று பார்க்க வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசு நிலத்தையும் முடிக்குரிய நிலமாக எண்ணும் வழியைத் திறந்தது. கண்டி நாட்டுக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாக ஆண்ட மேட்டு நிலங்கள் பலவற்றுக்குப் பத்திரம் இருக்கவில்லை. நிலம் விற்பனையாயிற்று, கோப்பி பயிராயிற்று. ஆகவே, காகிதம் இல்லாமையால் வந்த இழப்பு இம்மலைநாட்டிலே முதலிற் சிங்களக் கிராமத்தவனையே தாக்கியது என்பதை மறத்தல் தகாது. அவன் கைவிட்ட நிலத்துக்குக் கூலியாக வந்த தமிழனுக்கும் பின்னாளில் அதே நோய் வேறு வடிவிற் பற்றிக்கொண்டது.

கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பியவர்கள். தங்குவதற்கு ஒரு குடிசை போதும் என்று தோட்டக்காரர் எண்ணினர். 1869 இற் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பியை ஆண்டுக்கு ஒரு பருவத்திற் பறித்தால் முடிந்தது. தேயிலையிலோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆள் ஆண்டு முழுவதும் வேண்டும், பெண்களும் வேண்டும், எனவே குடும்பத்தோடு வேண்டும். 1884 இல் ஹட்டனுக்கும் அடுத்த ஆண்டில் நானுஓயாவுக்கும் புகையிரதம் ஏறிய பின்னர் நுவரெலியாவின் சரிவுகள் பச்சைக் கம்பளமாயின. குடிசை போய் லயம் வந்தது.

லயம் என்பது என்ன? ஒரே கூரை, அதன் கீழ்ப் பத்துக் காம்பராக்கள், சிலவிடங்களில் அதனினும் அதிகம். ஒரு காம்பராவின் அளவு ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. கருங்கல்லோ செங்கல்லோ சுவர், மேலே தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை லயங்களிற் பின்கதவும் இல்லை, பின்சன்னலும் இல்லை. ஒரு சுவருக்கு இப்பால் இருமினால் அப்பால் உள்ள குழந்தை விழித்துக்கொள்ளும். சமையல் இஸ்தோப்பின் ஒரு மூலையில்; பிரசவமும் நோயும் சாவும் அந்த ஒரே அறையில். 1912 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் தொழிலாளர் நோய்க் கட்டளைச் சட்டம், லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. 1923 முதற் கண்டியில் இருந்த இந்திய அரசின் முகவரும் தம் ஆண்டறிக்கைகளில் லயங்களின் நிலையைக் குறித்து எழுதி வந்தார். இவற்றால் நன்மை விளையவில்லை என்று கூறுவதற்கில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத் தக்கது. இவ்வேற்பாடுகள் எல்லாம் துரைக்கும் மேலிடத்துக்கும் இடையே நிகழ்ந்த பேச்சு. காம்பராவில் வாழ்ந்தவன் அப்பேச்சில் ஒரு தரப்பாகக் கருதப்படவில்லை.

பிள்ளை பெருகினால், மகனுக்கு மணமானால், அந்த 120 சதுர அடி போதாது. அப்போது குடும்பம் என் செய்யும்? லயத்தின் பின்னாலோ பக்கத்திலோ நான்கு மரக் கம்புகளை நட்டு, பழைய தகரம் போர்த்தி, ஒரு குசினி இறக்கும். மாடு வாங்கியவர் ஒரு கொட்டில் போடுவார். சற்று வசதி வந்தவர் மண்சுவர் வைத்து ஓர் அறையாக்குவார். இவையே மலைநாட்டின் சிறு கட்டட வேலைகள். இவற்றுக்கும் அனுமதி வேண்டும். கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ முதலிற் சொல்லி வைக்க வேண்டும். பின்னர் ஆபீசு வாசலிற் காத்து நிற்க வேண்டும். துரை தலையசைத்தால் வேலை நடக்கும். விண்ணப்பப் பத்திரம் இல்லை, வரைபடம் இல்லை, கட்டணம் இல்லை, குழு கூடிப் பரிசீலிப்பதும் இல்லை. ஒரு சொல்லிற் காரியம் முடிந்துவிடும்.

இன்று எந்நாட்டிலும் கட்டட அனுமதியை விரைவுபடுத்துவது பற்றிப் பேசுகின்றார்கள். விரைவு மட்டுமே அளவுகோலானால், உலகத்திலேயே மிக விரைவான அனுமதி முறை தேயிலைத் தோட்டத்தில் நூறாண்டுக்கு மேல் வழங்கியிருக்கின்றது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு சொல் காகிதத்தில் ஏறவில்லை. கொடுத்த துரை மாற்றலாகிப் போனால் வந்த துரை அதை அறியார். அறிந்தாலும் மதிக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கத்திற் சேர்ந்த குற்றத்துக்காகவோ வேறு மனத்தாங்கலுக்காகவோ தகரத்தைக் கழற்றச் சொன்னால் மறுமொழி சொல்ல வழியில்லை. வேலை போனால் காம்பராவும் போகும். காம்பரா போனால், தன் கையாற் கட்டிய குசினியும் போகும். நகரவாசி மாதக்கணக்கில் அலைந்து பெறும் அங்கீகாரம் மெதுவானதுதான்; எனினும் அது அவனுடைய பெட்டியில் இருக்கும்; நீதிமன்றத்திற் செல்லும்; அவன் மகனுக்கும் செல்லும். இந்த வேறுபாடே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

துரையின் அதிகாரத்துக்கு மாற்றாகக் கிராமத்தில் வேறோர் அதிகாரம் இருந்ததே, அதனிடம் சென்றிருக்கலாமே என்று நேயர்கள் கேட்கலாம். இருந்தது, கிராமச் சங்கம் என்று பெயர். ஆனால் 1930களின் பிற்பகுதியிற் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்ட லயங்களிற் குடியிருந்த தொழிலாளருக்கு அச்சங்கங்களில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. இந்திய அரசு முறையிட்டும் அடிப்படை நிலை மாறவில்லை. தோட்டம் கிராமத்தின் நடுவே கிடந்தும் கிராமத்தின் பகுதியாகவில்லை. பின்னர் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாட்டின் குடிகள் என்ற நிலைக்கே வெளியில் நிறுத்தியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்கலாம் என ஒத்திவைத்தது. எந்த நாட்டில் வாழப்போகின்றோம் என்று தெரியாத குடும்பம் எந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசும்? எஞ்சிய நாடற்றோர் அனைவருக்கும் வழி பிறந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினால்.

இடையில் நிலத்தின் உடைமை கைமாறியது. 1972 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டமும், கம்பெனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் வெள்ளைத் துரையின் காலத்தை முடித்தன. அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் பொறுப்பேற்றன. 1992 முதல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளுக்குச் சென்றது. நிலம் அரசினுடையதாக இருக்க, நீண்ட காலக் குத்தகை அவர்களுடையதாயிற்று. துரையின் நிறம் மாறியது, கம்பெனியின் பெயர் மாறியது. ஆபீசு வாசலில் நிற்கும் வரிசை மட்டும் மாறவில்லை. தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு ஏற்றுக்கொண்டபோதும் இதே முடிச்சுக் குறுக்கிட்டது: பாடசாலை அரசினுடையது, அதைச் சுற்றிய மண் தோட்டத்தினுடையது. புதிய வகுப்பறைக்கு ஒரு துண்டு நிலம் வேண்டுமானால், அதைத் தோட்டம் விட்டுக் கொடுத்தாக வேண்டும்.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது பலர் மகிழ்ந்தனர். வாக்குரிமை பெற்ற தோட்ட மக்கள் 1991 இற் பிரதேச சபைகளுக்கு வாக்களித்தனர். அவர்களுட் சிலர் உறுப்பினராகவும் தலைவராகவும் வந்தனர். அப்போதுதான் விசித்திரம் வெளிப்பட்டது. அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குட் சபையின் நிதியைச் செலவிட இடமில்லை என்ற பொருளில் விளக்கம் பெற்றது. தோட்ட மக்களின் வாக்கினால் தெரிவான சபை, அதே மக்களின் லயத்துக்குச் செல்லும் பாதையில் ஒரு வண்டி கல்லைக் கொட்ட முடியாது. 1930களில் வாக்கும் இல்லை, சேவையும் இல்லை. 1990களில் வாக்கு உண்டு, சேவை இல்லை. இந்நிலை நீங்கியது 2018 இல். அவ்வாண்டிற் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டப் பகுதிகளுக்கும் சபைகள் பணியாற்ற வழி செய்யப்பட்டது. நுவரெலியா மாவட்டத்திற் பெருந்தொகையான மக்களைத் தாங்கிய அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, மஸ்கெலியா, நோர்வூட், அக்கரப்பத்தனை, கொட்டகலை ஆகிய புதிய சபைகள் தோன்றியதும் அக்காலத்திலேதான்.

சபை கிட்டிற்று, இனி விண்ணப்பிக்கலாம். ஆனால் சபையின் விண்ணப்பம் முதலிற் கேட்பது வரைபடத்தையன்று, நிலத்தின் உறுதியையும் நில அளவைப் படத்தையும். லயத்துக் குடும்பத்திடம் அவை ஏது? அதனாலேயே மலையகத்தில் வீட்டுக் கோரிக்கை எப்போதும் 7 பேர்ச் காணி என்னும் கோரிக்கையோடு இணைந்து வந்திருக்கின்றது. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் குடியிருப்பு மனைக்கு வகுத்த குறைந்த அளவு 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 6 பேர்ச். நகரத்துக்குக் குறைந்தபட்சம் எது என்று சட்டம் கருதிற்றோ, அதற்கு ஒரு பேர்ச் மட்டுமே கூடுதலாக, மலையுச்சியிற் பல்லாயிரம் ஏக்கர் நடுவே வாழும் குடும்பம் கேட்கின்றது. அது பேராசை என்று எவரும் சொல்லார்.

தனிவீடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ்த் தோட்டப் பகுதிகளுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடொன்று 550 சதுர அடி. பழைய காம்பராவைப்போல நான்கரை மடங்கு. இவ்வீட்டில் வாழும் குடும்பமும் ஒரு நாள் ஓர் அறை கூட்ட விரும்பும். 2018 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் மலையகத்துக்கென ஒரு புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையையும் உண்டாக்கியிருக்கின்றது. பிரதேச சபை, இந்த அதிகார சபை, தோட்டக் கம்பெனி என மூன்று வாசல்கள் இருப்பது நல்லதுதான். எந்த வாசலில் எந்தக் காகிதம் கிடைக்கும் என்பது குடும்பத்துக்குத் தெளிவாக இருந்தால்.

வெளியுலகம் இச்சிறு வேலைகளை எவ்வாறு நடத்துகின்றது? இங்கிலாந்து 1947 ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடற் சட்டத்தின் மூலம் நிலத்தை வளர்ச்சிக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு செயலையும் அனுமதிக்கு உட்படுத்தியது. உடனே எழுந்தது ஒரு கேள்வி: வீட்டின் பின்னால் ஒரு சிறு அறை கட்டுவோர் எல்லோரும் விண்ணப்பித்தால் எந்த அலுவலகம் தாங்கும்? ஆகவே பொது அபிவிருத்தி ஆணை ஒன்றின் வாயிலாக, குறித்த அளவுக்கு உட்பட்ட சிறு விரிவுகளுக்குச் சட்டமே முன்கூட்டி அனுமதி அளித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் தாமே உறுதிமொழி அளித்து இணையத்தின் வழி உடனடியாக அனுமதி பெறும் முறை தொடங்கப்பட்டது. 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் அந்த அளவுக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் தமிழ்நாட்டு முறையில் விரைவு எங்கிருந்து வருகின்றது? மனை விண்ணப்பிப்பவருடையது என்று பட்டா சொல்கின்றது. எனவே அலுவலர் அதை நம்பி உடனே கையொப்பம் தரலாம்.

மலைநாட்டில் இன்னொரு தடையும் உண்டு. அது சட்டத்தின் தடையன்று, மண்ணின் தடை. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று அன்று பலர் கேட்டனர். போவதற்கு இடம் அவர்கள் கையிலா இருந்தது? லயத்தை எங்கே கட்டுவது என்பதை ஒருபோதும் அவர்கள் தீர்மானித்ததில்லை. தேயிலைக்கு ஆகாத சரிவிலும் ஓடைக்கரையிலும் லயம் அமைந்த இடங்கள் பல. தப்பியவர்களுக்கு மாக்கல்தெனியாவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இல், அதாவது சாவு நிகழ்ந்து இரண்டு ஆண்டு கழித்து.

2011 முதல், மண்சரிவுக்கு இலக்காகும் மாவட்டங்களிற் கட்டடம் எழுப்புவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெற வேண்டும் என்பது விதி. நுவரெலியாவும் அவற்றுள் ஒன்று. அவ்வறிக்கை தாமதத்தை உண்டாக்குகின்றது என்று முணுமுணுப்போர் உளர். மீரியபெத்தைக்குப் பின் அம்முணுமுணுப்புக்கு வலுவில்லை; 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் கொணர்ந்த மழையில் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டச் சரிவுகள் பெயர்ந்த பின் அது அறவே பொருந்தாது. விரைவுபடுத்த வேண்டியது வேறிடத்தில் இருக்கின்றது. ஒரு சரிவு முழுவதையும் ஒருமுறை ஆராய்ந்து, வீடு நிற்கத் தகுந்த துண்டுகளைப் படத்திற் குறித்துவிட்டால், அத்துண்டுகளில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே நிறுவனத்தின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. மேசன் வருவதற்கு முன்னரே மண்ணைப் பற்றிய கேள்விக்கு விடை இருக்கும். அதன்பின் எஞ்சுவது அறையின் நீளம், அகலம், சன்னல், கழிவு நீர் செல்லும் வழி. இவற்றைப் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு நாளிற் பார்த்து முடிக்கலாம்.

அத்தகைய படம் வரையப்படும்போது, அதில் லயம் இருக்கும் இடமும், பீலித் தண்ணீர் வரும் ஓடையும், தொழிற்சாலையும், துரை பங்களாவும் குறிக்கப்படும். இவற்றோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கமும் இடப்பட வேண்டும். நெடுங்காலமாக லயத்துக்கு வரும் கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வந்து ஆபீசில் இறங்கியவை. காம்பராவுக்கு முகவரி இல்லை. வீட்டிலக்கம் இல்லாத ஒருவருக்குச் சபை எந்த முகவரிக்கு இணக்கச் சான்றிதழை அனுப்பும்?